வரப்பு பாத்து வெட்டு மாப்ளே

மாப்ளே, அந்தக் கோப்பை மட்டும் திறந்து பாத்துராத. பெங்களூர்ல கம்பெனி வேலை பாக்குற பிள்ளை, பட்டியலுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டுத்தான் வேலையத் தொடங்குனான்னு வெளிய தெரிஞ்சா ஊர்ல என்ன மரியாதை மிஞ்சும்? கண்ணை மூடிக்கிட்டுக் கட்டளையத் தட்டு. வந்தது வரட்டும். கோணலா வந்தா கம்ப்யூட்டர் மேல பழியப் போடு. அது என்ன பஞ்சாயத்தைக் கூட்டவா போகுது?

பங்குனிப் பொங்கலுக்கு எழுதின தலைக்கட்டு வரிப் பட்டியல். பேரு, கதவு நம்பரு, தெரு, போன் நம்பரு, தொகை. அஞ்சே பத்தி, நடுநடுவுல கமா. நீ அதை என்ன பண்ணுன? கட்டம் கட்டமா இருக்குற ஒரு சாஃப்ட்வேர்ல திறந்து, திறந்த சூட்டோட சேமிச்சும் வச்சுட்ட. உங்க சின்னாத்தா வீட்டுக் கதவு நம்பரு 3/12. இப்ப அது டிசம்பர் 3-ஆம் தேதியா மாறி உக்காந்திருக்கு. சின்னாத்தா இனிமே மேலத்தெருவுல குடியிருக்கல, கார்த்திகை மாசத்துல குடியிருக்கா. தபால்காரர் எப்படிப் போய்ச் சேரப்போறாரோ.

கூச்சப்படாத. உன்னைவிடப் பெரிய படிப்பாளிகளுக்கும் இதே கதிதான். மனுச உடம்புல இருக்குற சில ஜீன்களுக்கு ‘மார்ச்1’, ‘செப்ட்1’னு சுருக்கப் பேரு இருந்துச்சு. எக்செல் கண்ணுக்கு அதெல்லாம் காலண்டர். 2016-ல ஒரு ஆய்வு பண்ணிப் பாத்தாங்க. எக்செல்ல ஜீன் பட்டியலை இணைச்ச ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுல ஜீன் பேரு இந்த மாதிரி கெட்டுப்போய்க் கிடந்துச்சு. பேரு வைக்கிற கமிட்டி என்ன செய்யும்? சாஃப்ட்வேரைத் திருத்த முடியல, ஜீனைத் திருத்திட்டாங்க. 2020-ல ‘மார்ச்1’ போய் ‘மார்ச்எஃப்1’ ஆச்சு, ‘செப்ட்1’ போய் ‘செப்டின்1’ ஆச்சு. தானா மாத்துற புத்திய நிறுத்திவைக்க எக்செல்லுக்குள்ள ஒரு வழி வந்தது 2023-லதான். உங்க சின்னாத்தா அதுவரைக்கும் பொறுத்திருப்பாளா? கதவு நம்பரை மாத்திக்கன்னு நீ போய்ச் சொல்லிப்பாரு, விளக்கமாறு எடுத்துக்கிட்டு வருவா.

டைப் அடிச்ச பையன் குடுத்த அசலை எடு. அந்தக் கறுப்புத் திரையத் திற. மாமனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்னு பாக்காத. நான் ஆபீஸ்ல யூனிக்ஸ் டெர்மினல் முன்னாடி உக்காந்து தலைமுடிய உதுத்தவன். மிச்சம் இருந்ததை உங்க அத்தை பாத்துக்கிட்டா. நான் வாயால சொல்றேன், நீ விரலால தட்டு. ‘ஹெட் மைனஸ் என் 5’. மொதல் அஞ்சு வரி வருதா? பாத்துட்டியா? போச்சு, மரியாதை போச்சு. ஆனா வேலை இனிமே ஒழுங்கா நடக்கும்.

கமாங்குறது வரப்பு மாப்ளே. இந்தப் பக்கம் ஒருத்தன் நிலம், அந்தப் பக்கம் இன்னொருத்தன் நிலம். வரப்பு நிலத்துக்குள்ளயும் முளைச்சுதுன்னா என்ன ஆகும்? அதுக்குத்தான் பெரியவங்க முன்னாடியே யோசிச்சு வச்சாங்க. 1967-ல திருத்தி வெளியிட்ட ஆஸ்கி அட்டவணையில 28-லேர்ந்து 31 வரைக்கும் நாலு குறி இருக்கு. கோப்பைப் பிரிக்க ஒண்ணு, கூட்டத்தைப் பிரிக்க ஒண்ணு, வரியைப் பிரிக்க ஒண்ணு, பத்தியைப் பிரிக்க ஒண்ணு. பேருக்குள்ளயும் வராது, விலாசத்துக்குள்ளயும் வராது. பிரிக்கிறதுக்குன்னே பிறந்த குறி. யாரு சீந்துனா? விசைப்பலகையில கைக்கு எட்டல, திரையில கண்ணுக்குத் தெரியல. உலகமே கூடி, விலாசத்துல பத்து தடவை வர்ற கமாவைப் பிடிச்சு வரப்பு ஆக்கிருச்சு. அந்தக் கூத்துக்குச் சட்டம்னு ஒண்ணு எழுதவே 2005 வரைக்கும் ஆச்சு, ஆர்எஃப்சி 4180-ன்னு பேரு. அதுவும் ‘இப்படித்தான் பலபேர் செய்றாங்க’ங்குற அளவுல ஒரு சாட்சியம்தான்.

யூனிக்ஸ்காரங்க மட்டும் ரொம்ப யோக்கியம்னு நினைச்சுக்காத. பயனர் பட்டியல் வச்சிருக்குற ‘பாஸ்வேர்டு’ கோப்புல வரப்பு முக்காற்புள்ளி, ஏழு பத்தி. அஞ்சாவது பத்திக்குள்ள எட்டிப் பாத்தா அங்க கமா போட்டுத் தனிக் குடித்தனம் நடக்குது: முழுப்பேரு, அறை நம்பரு, போனு. அந்தப் பத்திக்குப் பேரு ‘ஜீகாஸ்’. ஜெனரல் எலக்ட்ரிக்ல ஓடின ஒரு பழைய இயங்குதளத்தோட பேரு அது. பெல் லேப்ஸ்ல அச்சு வேலைய அந்த மெஷினுக்கு அனுப்ப ஒரு அடையாளம் தேவைப்பட்டுச்சு, அதை இந்தப் பத்தியில போட்டு வச்சாங்க. மெஷின் போயே போச்சு. பத்தி இன்னும் பட்டா மாறாம இருக்கு.

சரி, ‘கட்’ போடு. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும். ‘கட் மைனஸ் டி கமா, மைனஸ் எஃப் 5’. தொகைப் பத்தி வரணும். என்ன வந்திருக்கு? கருப்பசாமி அண்ணாச்சி தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி வரி எழுதியிருக்காரு! பொங்கலை விடு, ஊருக்கே ரயில்வே ஸ்டேஷன் கட்டிரலாம். விலாசம் ‘மேலத்தெரு, கோயில் பக்கம்’. நடுவுல ஒரு கமா. அதனால போன் நம்பர் ஒரு பத்தி தள்ளி வந்து தொகை இடத்துல உக்காந்துருச்சு. டைப் அடிச்ச பையன் வெவரமானவன், விலாசத்துக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு மூடித்தான் வச்சிருக்கான். ‘கட்’டுக்கு மேற்கோளும் தெரியாது, மேலத்தெருவும் தெரியாது. கமாவைக் கண்டா வெட்டும்.

அதுகிட்ட இன்னும் ரெண்டு குணம் உண்டு, தெரிஞ்சுக்கோ. பத்தி 5-யும் 1-யும் அந்த வரிசையில குடுன்னு கேட்டாலும் 1, 5-னுதான் தரும். நீ கேட்ட வரிசைக்கு அது கட்டுப்படாது. அப்புறம், வரப்பே இல்லாத வரி வந்தா அதை முழுசா அப்படியே வெளிய தள்ளிரும். ‘மைனஸ் எஸ்’ போட்டாத்தான் விழுங்கும். பட்டியல் மேல ‘ஸ்ரீ மாரியம்மன் துணை’ன்னு பையன் அடிச்சிருந்தான்னு வை, தொகைப் பத்தியில அம்மனும் வந்து நிப்பா. கும்பிட்டுக்கோ.

பத்தியக் கட்டி ஆளணும்னா ‘ஆக்’ வேணும். 1977-ல பெல் லேப்ஸ்ல ஆல்ஃபிரட் ஆஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூணு பேரும் சேந்து பண்ணினது. மூணு பேரோட மொத எழுத்தையும் சேத்துப் பேரு வச்சுட்டாங்க. பங்காளிச் சண்டை வராம இருக்க நல்ல வழி. ஆனா இதுவும் சும்மா விட்டா இடைவெளியைத்தான் வரப்பா எடுத்துக்கும், எத்தனை இடைவெளி சேந்து வந்தாலும் ஒண்ணாத்தான் எண்ணும். ‘மு. கருப்பசாமி’ன்னு இருந்தா இனிஷியல் ஒரு ஆள், கருப்பசாமி ஒரு ஆள். தலைக்கட்டு எண்ணிக்கை ஏறும், வசூல் ஏறாது. அதனால எது வரப்புன்னு வாயத் திறந்து சொல்லணும்: ‘மைனஸ் எஃப்’, பக்கத்துல குறி.

மேற்கோளுக்குள்ள இருக்குற கமாவுக்கு என்ன வழின்னு நாப்பது வருசத்துக்கு மேல ஆளாளுக்கு ஒரு வித்தை காட்டிக்கிட்டிருந்தாங்க. கடைசியில கெர்னிகனே எண்பது வயசத் தாண்டின பிறகு உக்காந்து, 2023-ல ‘மைனஸ் மைனஸ் சிஎஸ்வி’ன்னு ஒண்ணைச் சேத்துக் குடுத்தார். அதே வருசம் குனு காரங்க ஆக்குலயும் வந்துருச்சு. எண்பதுக்கு மேல ஒரு மனுசன் தான் எழுதின புரோகிராமைத் திருத்திக்கிட்டு இருக்கார். நீ முப்பது வயசுல ‘முன்னாடி எழுதுனவன் சரியில்ல’ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிற. உன் மெஷின்ல பழைய ஆக்தான் இருக்குன்னா ‘மில்லர்’னு ஒண்ணு கிடைக்கும், இறக்கிக்கோ. அதுக்கு மேற்கோள் மரியாதை எல்லாம் பிறவியிலேயே தெரியும். எதுல பண்ணினாலும் மொத வேலையா கமாவை எடுத்துட்டு டேபை வரப்பா வச்சு ஒரு நகல் எடுத்துரு. விலாசத்துக்குள்ள டேப் அடிக்கிற ஆளு நம்ம ஊர்ல இன்னும் பிறக்கல. மேற்கோளுக்குள்ளயே என்டர் தட்டி விலாசத்தை ரெண்டு வரியா எழுதலாம்னும் அந்த 4180 இடம் குடுக்குது. அப்படி ஒண்ணு வந்தா ‘கிரெப்’பும் ‘சார்ட்’டும் ஒரு வீட்டை ரெண்டா உடைச்சுரும். உன் பட்டியல்ல அப்படி ஒண்ணும் இல்ல, தப்பிச்ச.

இப்ப தொகையக் கூட்டு. தெருவாரியா வேணும்னா தெருப்பேரை அடைப்புக்குறிக்குள்ள போட்டு ஒரு அணி வச்சு, ஒவ்வொரு வரிக்கும் அஞ்சாவது பத்தியச் சேத்துக்கிட்டே போ, முடிவுல அச்சடி. ரெண்டே வரி. கூட்டிட்டியா? ரைஸ்மில் முதலாளி பேருக்கு நேரா எவ்வளவு காட்டுது? 1 ரூவா! அவரு ஒண்ணேகால் லட்சம் எழுதுனாரு மாப்ளே, ‘1,25,000’. ஆக் எழுத்தை எண்ணா மாத்தும்போது இலக்கமா இருக்குற வரைக்கும்தான் வாசிக்கும். மொத கமாவைக் கண்டதும் கையக் கழுவிரும். ஒரு வார்த்தை முனங்காது, தப்புன்னு சிவப்புல காட்டாது. இந்த மௌனத்துக்குத்தான் நான் பயப்படுறது. நீ இந்தக் கணக்கைக் கொண்டுபோய் மைக்குல படிச்சிருந்தா, அவரு அடுத்த வருசம் உண்மையிலேயே ஒரு ரூவாதான் குடுப்பாரு. கூட்டுறதுக்கு முன்னாடி ‘ஜிசப்’ போட்டு அந்தப் பத்தியில இருக்குற கமாவையெல்லாம் களையெடு.

வரிசைப்படுத்தணுமா? தாராளமா. வெறும் ‘சார்ட்’ போட்டேன்னா தொகையெல்லாம் 1001, 101, 2001, 501-ன்னு நிக்கும். அது எண்ணைப் பாக்கல, எழுத்தைப் பாக்குது. ‘மைனஸ் என்’ சேத்துக்கோ. அப்புறம் ‘மைனஸ் கே 3’ன்னு மொட்டையாச் சொன்னா மூணாவது பத்தியில தொடங்கி வரி முடியிற வரைக்கும் சேத்துத்தான் ஒப்பிடும். மூணாவது பத்தியோட நிறுத்தணும்னா ‘3 கமா 3’ன்னு சொல்லணும். இதை எழுதினவன் ஏதோ வக்கீல் குமாஸ்தாவா இருந்திருப்பான்னு நினைக்கிறேன்.

பேர்வாரியா வரிசைப்படுத்தும்போதுதான் ஊர்ச்சண்டை வரும், அதைக் கேட்டுக்கோ. முருகன் முன்னாடியா, முனியசாமி முன்னாடியா? நம்ம அகராதிப்படி ரகரம் முன்னாடி, றன்னகரம்தான் கடைசி எழுத்து. அப்ப முருகன்தான் முந்தி. கம்ப்யூட்டரை எழுத்தோட குறிநம்பரைப் பாத்து அடுக்கச் சொன்னா முனியசாமி முந்திருவான். யூனிகோடுல தமிழ் எழுத்தை அடுக்கினவங்க நம்ம நெடுங்கணக்கைப் பாத்து அடுக்கல. இஸ்கின்னு நம்ம நாட்டுல முன்னாடி ஒரு குறிமுறை இருந்துச்சு. இந்தியும் மத்த மொழிகளும் எந்த ஏற்பாட்டுல நின்னுச்சோ, தமிழையும் அதே ஏற்பாட்டுல நிறுத்துன அட்டவணை. அதுல ‘ன’ போய் ‘ந’வுக்குப் பக்கத்துல உக்காந்துருச்சு, ‘ழ’வுக்குப் பின்னாடி ‘வ’ நிக்குது, ‘ஜ’ நடுவுல சகரத்துக்கு அடுத்து நுழைஞ்சு ஜெயாவை ஞானத்துக்கு முன்னாடி கொண்டுவந்து விட்டுருச்சு. எந்த மொழி வழக்கப்படி அடுக்கணும்னு மெஷினுக்குச் சொல்ற ‘லொக்கேல்’ அமைப்பு ஒண்ணு இருக்கு, அதைப் பாக்காம நீ வரிசையை ஒட்டிட்டு வந்தேன்னா முருகன் வகையறா காளவாசல்ல மறிச்சுக் கேப்பாங்க. யூனிகோடு கூட்டமைப்பைப் போய்க் கேளுங்கன்னு சொல்லிப்பாரு, கேக்குறாங்களான்னு.

ஒரே ஆளு ரெண்டு தடவை பேரு குடுத்திருந்தா ‘யூனிக்’ போட்டு நீக்கிரலாம்னு நினைப்ப. அதுக்குப் பக்கத்துப் பக்கத்துல இருக்குற வரி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மேல ஒண்ணு கீழ ஒண்ணு கிடந்தா ரெண்டும் புது ஆளு. மொதல்ல அடுக்கு, அப்புறம் நீக்கு.

இந்த ரெண்டையும் குழாய்போட்டு இணைக்கிறோமே, அந்தச் செங்குத்துக் கோடு, அதைக் கேட்டு வாங்கினவர் டக் மெக்கில்ராய். 1964-லயே எழுதி வச்சார். 1973-ல கென் தாம்சன் அதை யூனிக்ஸுக்குள்ள கொண்டுவந்தார். அதே மெக்கில்ராய் 1986-ல ஒரு கூத்துப் பண்ணினார். ஜான் பென்ட்லிங்குறவர் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில பத்தி எழுதிக்கிட்டிருந்தார். அவரு டொனால்ட் க்னூத்கிட்ட ஒரு கணக்குக் குடுத்தார்: ஒரு உரையில எந்தச் சொல்லு அதிகமா வருதுன்னு எண்ணி வரிசையாக் குடுக்கணும். க்னூத் பக்கம் பக்கமா அழகா ஒரு பாஸ்கல் புரோகிராம் எழுதினார். அதை விமர்சனம் பண்ணக் கூப்பிட்ட மெக்கில்ராய், பாராட்டிட்டு, கூடவே ஆறு கட்டளையைக் குழாயில கோத்து இதே வேலையக் காட்டிட்டார். சொல்லை வரிக்கு ஒண்ணா உடை, சின்ன எழுத்தாக்கு, அடுக்கு, எண்ணு, எண்ணிக்கைப்படி திருப்பி அடுக்கு, வேணுங்குற அளவோட நிறுத்து. இளவட்டங்க இன்னைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி க்னூத்தைக் கேலி பண்ணுவாங்க. நியாயமில்ல. புரோகிராமைப் படிக்கிற மாதிரி எழுதிக் காட்டச் சொல்லித்தான் அவரைக் கேட்டாங்க, அதைச் செஞ்சார். இன்னொண்ணு, அந்த ஆறு கட்டளையை அப்படியே நம்ம பட்டியலுக்குப் போட்டுப் பாரு. ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் தவிர மத்ததெல்லாம் குப்பைன்னு தள்ளுறதுதான் மொதக் கட்டளை. ஒரு தமிழ்ச் சொல்லு மிஞ்சாது. அமெரிக்காவுல கொடிகட்டின வித்தை நம்ம ஊர் எல்லையில தலை குப்புற விழும்.

எழுத்து எண்ணுற விசயத்துல எப்பவும் உஷாரா இரு. ‘கருப்பசாமி’ உனக்கும் எனக்கும் ஆறு எழுத்து. குனு ஆக்கைக் கேளு, 10 ம்பான். காலும் கொம்பும் புள்ளியும் அவனுக்குத் தனித்தனி ஆளு. ‘மாக்’னு ஒரு ஆக் இருக்கு, அவன்கிட்டக் கேளு, 30 ம்பான், அவன் பைட்டை எண்ணுறவன். ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட்டு. பல லினக்ஸ் மெஷின்கள்ல ‘கட் மைனஸ் சி’யும் பைட்டைத்தான் எண்ணும், மொத எழுத்தைக் குடுன்னா ‘க’வுல மூணுல ஒரு பங்கை உடைச்சுத் தரும். வைரம் போட்ட கேள்விக்குறி ஒண்ணு திரையில முழிக்கும். கொடுமை என்னன்னா, அந்த மூணு பைட்டுக் கணக்கு இருக்கே, யூடிஎஃப்-8, அதை 1992-ல நியூஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடை மேசைத் தாள்ல எழுதினவங்கள்ல ஒருத்தர் அதே கென் தாம்சன்தான். இன்னொருத்தர் ராப் பைக்.

அதனால, அழகா அச்சடிக்கணும்னு ‘பிரிண்ட்எஃப்’ல 15 இடம் ஒதுக்கி, பேரு, தெரு, தொகைன்னு நேர்கோட்டுல நிறுத்தப் பாத்தா, தமிழ் பேருக்குப் பின்னாடி தொகை குடிச்சுட்டு வந்த ஆளு கணக்கா ஆடும். என் யோசனையக் கேட்டா, தொகையை மொதப் பத்தியில போட்டு வலதுபக்கம் ஒட்டி நிறுத்து, பேரைக் கடைசிக்குத் தள்ளிரு. கடைசிப் பத்தி எவ்வளவு நீண்டாலும் யாரு தோளையும் இடிக்காது. வெறும் எண்ணும் இங்கிலீசும்னா ‘காலம் மைனஸ் டி’ன்னு ஒண்ணு போதும், தானே அளந்து தானே நிறுத்திரும்.

தொகைக்குப் பின்னாடி ‘ரூபாய்’னு சேத்து அடிக்கச் சொன்னா, அந்த ‘ரூபாய்’ போய் வரித் தொடக்கத்துல பேரு மேல ஏறி உக்காருதா? விண்டோஸ்காரன் வேலை. அவன் வரி முடிவுல ரெண்டு குறி வைப்பான். அதுல மொதக் குறி, பழைய டைப்ரைட்டர் மாதிரி, அடுத்து அடிக்கிற இடத்தை இடது ஓரத்துக்குக் கொண்டுபோற உத்தரவு. கோப்பை ‘கேட் மைனஸ் ஏ’ போட்டுப் பாரு. தமிழெல்லாம் எம் எம்முன்னு பிதற்றலா வரும், பதறாத. வரிக் கடைசியில டாலருக்கு முன்னாடி தொப்பி போட்ட எம் நிக்குதா? ‘டிஆர் மைனஸ் டி’ போட்டு அதை விரட்டு. விரட்டினதைப் புதுப் பேர்ல சேமி. பழைய பேருலயே சேமிச்சுப் பாரேன், வேடிக்கையா இருக்கும். கட்டளை ஓடுறதுக்கு முன்னாடியே ஷெல்லு அந்தக் கோப்பைச் சுத்தமாத் துடைச்சு வச்சிரும், படிக்கப் போனா உள்ள ஒண்ணும் இருக்காது. மொத்த ஊருக்கும் வரி தள்ளுபடி. உனக்குச் சிலை வைப்பாங்க.

கடைசியா எண்ணிப் பாத்துக்கோ. ஊர்ல 212 தலைக்கட்டு. அசல்ல ‘டபிள்யூசி மைனஸ் எல்’ போட்டா? 211. அது வரிய எண்ணாது, வரி முடிவுல இருக்குற என்டரை எண்ணும். கடைசி வரிக்குப் பின்னாடி என்டர் இல்லைன்னா அந்த வரி கணக்குல இல்ல. சரி, ரசீது அடிக்க நீ ஷெல்லுல ‘வைல் ரீட்’னு ஒரு சுத்து எழுதி, நேத்தே அசலை வச்சு ஓட்டிட்டியாமே, அதுவும் அப்படித்தான். என்டர் இல்லாத கடைசி வரியக் கைக்கு வாங்கிட்டு, வேலையச் செய்யாமலே சுத்தை விட்டு வெளிய வந்துரும். ஆக 211 ரசீது. விட்டுப்போனது யாருன்னு ‘டெயில் மைனஸ் என் 1’ போட்டுப் பாக்கப்போறியா? இருட்டிப்போச்சே, நாளைக்குப் பாத்துக்கலாம்ல? பாத்தே தீருவியா?

சரி, பாத்துட்ட. சத்தம் போடாத, கமிட்டித் தலைவர் திண்ணை பக்கத்துலதான். மாமன் பேருதான் அது. டைப் அடிக்கும்போது கடைசியா நின்னு பேரு குடுத்தவன் நான்தான். “முடிச்சாச்சுல்ல தம்பி, இனிமே எதுக்கு என்டர் தட்டிக்கிட்டு, எந்திரிச்சு டீ குடிக்கப் போ”ன்னு அந்தப் பையனை அனுப்பி வச்சதும் நான்தான்.